புதிய மிதிவண்டியும் மரத்த விரல்களும்

ஐம்பத்து நான்காம் வயதில் மிதிவண்டியில் உட்காரக் கற்றுக்கொண்டோம் என்று எழுதினால் வாசகர்கள் நகைக்கக்கூடும். பத்து வயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய கால்கள் நம்முடையவை. உபதேசியாராக இருந்த நம் தந்தையாரின் கறுப்பு நிற ஹெர்குலிஸ் வண்டியின் முக்கோணச் சட்டத்திற்குள் ஒரு காலை நுழைத்து, உடலை ஒரு பக்கமாய் வளைத்து, கோயில் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்த நாள்கள் இன்றும் நினைவில் உண்டு. ஆயினும் 2023ஆம் ஆண்டு ஆனித் திங்களில் நம் பங்கு இல்லத்து வாசலில் வந்திறங்கிய அந்த வண்டி, நாம் கற்றதாக எண்ணியிருந்த அனைத்தையும் மறக்கச் செய்தது.

அது நம் தமக்கை மகன் அனுப்பியது. பெங்களூருவில் கணினித் துறையில் பணியாற்றுகிறான். விடியற்காலையில் நந்திமலை வரை மிதிவண்டியிலேயே சென்று திரும்பும் கூட்டத்தைச் சேர்ந்தவன். நம் குருத்துவ வெள்ளிவிழாவுக்கு வந்திருந்தபோது, நம் மேசைமேல் கிடந்த இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் படித்துவிட்டான். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எண் அதில் 8.2 என்றிருந்தது. நடக்கச் சொன்னார் மருத்துவர். நடந்தால் முழங்கால் வலிக்கிறது என்றோம். அப்படியானால் மிதிவண்டி ஓட்டுங்கள், உடலின் எடையை இருக்கை தாங்கிக்கொள்ளும், மூட்டுக்குச் சுமை குறையும் என்றார் அவர். இதை விளையாட்டாய்ச் சொல்லி வைத்தோம். ஒரே மாதத்தில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. விலையைக் கேட்டபோது பையன் பேச்சை மாற்றினான்.

நம் ஊர்களில் ஓடும் வழக்கமான வண்டி இருபது கிலோவுக்குக் குறையாது. இதுவோ ஏறத்தாழ பத்துக் கிலோ. ஒரு கையால் தூக்கிப் படியேற்றிவிடலாம். டயரின் அகலம் 28 மில்லிமீட்டர்தான். கைப்பிடியோ ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல் முன்னே வளைந்து கீழே இறங்குகிறது. கியர் மாற்றும் விசையும் பிரேக்கும் ஒரே பிடிக்குள் அடங்கியுள்ளன. தாங்குகால் கிடையாது, பின்னால் சுமை ஏற்றக் கேரியர் கிடையாது, மணி கூடத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. வண்டியைப் பார்க்க வந்த பாட்டி ஒருவர், "சாமி, இன்னும் வேல முடியல போல, பாதிதான் செஞ்சிருக்கான்" என்றார்.

இத்தகைய வண்டியைச் சாலைப் பந்தய வண்டி என்பார்கள். அதன் உருவம் முழுவதும் காற்றை முன்னிட்டு அமைந்தது. சமதளத்தில் வேகம் சற்றுக் கூடியதும் ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே செலவாகிவிடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் மார்பு பாயைப் போல் காற்றை வாங்குகிறது. குனிந்தால் வழி திறக்கிறது. நம் பங்கின் கிளையூர்கள் மூன்றும் மேற்கே தேரிக்காட்டை ஒட்டி இருக்கின்றன. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்துவரும் மேல்காற்று, செம்மணலை அள்ளி முகத்தில் அடிக்கும் சாலை அது. குனிந்து ஓட்டும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சாலை வேறில்லை என்று முதல் நாளே தீர்மானித்துக்கொண்டோம். தீர்மானம் சரிதான். குனிவதற்கு முன் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் நமக்குத் தோன்றாமற் போயிற்று.

மருமகன் தொலைபேசியில் முறையாகத்தான் சொல்லிக்கொடுத்தான். இருக்கையின் உயரம் முதலில் வேண்டும். அதற்குச் சுவரில் சாய்ந்து நின்று, கெட்டியான புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், மிதிகட்டை சுழலும் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய தொலைவு கிடைக்கும். பிரான்சு நாட்டுப் பெரும் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வென்ற கிரெக் லெமாண்ட் என்ற அமெரிக்கரின் பெயரால் வழங்கும் கணக்கு அது. அலமாரியில் கைக்கு முதலில் அகப்பட்ட கெட்டிப் புத்தகம் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. சற்று யோசித்து அதைத் திரும்ப வைத்துவிட்டுப் பழைய ஆங்கில அகராதி ஒன்றை எடுத்துக்கொண்டோம். அளவு 82.5 சென்டிமீட்டர் வந்தது. பெருக்கினால் 72.8. மில்லிமீட்டர் பிசகாமல் அந்த உயரத்தில் இருக்கையைப் பூட்டினோம். அளக்கும்போது தடித்த அடியுள்ள காலணியைக் கழற்றவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டோம். மருமகனிடமும் அன்று சொல்லவில்லை, நமக்கே அது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

டயரின் பக்கவாட்டில் அதிகபட்சக் காற்றழுத்தம் 100 என்று அச்சிட்டிருந்தது. அதிகபட்சம் என்பதை உத்தமம் என்று படித்து, 100 வரை அடித்தோம். காற்றடிக்கும் வாய் மெல்லியது. பிரெஸ்டா என்று அதற்குப் பெயர். பெட்ரோல் நிலையத்துக் குழாய் அதில் பொருந்தாது. நுனியிலுள்ள சிறு திருகைத் தளர்த்திவிட்டுத்தான் காற்று ஏற்ற வேண்டும். இந்தப் புதுமைகளையெல்லாம் பீடச்சிறுவர்களுக்கு ஒரு பேராசிரியரின் தோரணையில் விளக்கியதை நினைத்தால் இப்போது வெட்கமாயிருக்கிறது.

முதல் வாரம் இருக்கை வலித்தது. அது இயல்பு என்றான் மருமகன்: அமரும்போது எடையைத் தாங்கவேண்டியவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள், அவை பழகச் சில நாளாகும். ஆனால் நமக்கு வலித்தது அந்த முனைகளில் அன்று. இரண்டுக்கும் நடுவே, மென்மையான இடத்தில். இருக்கை அளவுக்கு மீறி உயர்ந்திருந்ததால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இப்புறமும் அப்புறமும் சரிந்து மிதிகட்டையைத் தேடிச் சென்றது. அந்த உராய்வே வலியாயிற்று. காரணத்தைத் தேடாமல் நோக்காட்டுக்கு மருந்து தேடினோம். இருக்கையின் மூக்கைக் கீழ்நோக்கிச் சரித்தோம். வலி உடனே குறைந்தது. நம் கெட்டிக்காரத்தனத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

சரிந்த இருக்கையில் உடல் முன்னே வழுக்குகிறது. வழுக்கும் உடலைக் கைகள் பின்னே தள்ளித் தாங்குகின்றன. பதினொரு கிலோமீட்டர் போக, பதினொரு கிலோமீட்டர் வர, கல்லைப் போல் இறுகிய டயர்கள் சாலையின் ஒவ்வொரு பொருக்கையும் உள்ளங்கைக்குக் கடத்த, நம் பாரத்தில் ஒரு பங்கை அந்த இரண்டு கைகளும் சுமந்தன. மூன்றாம் வாரத்தில் வலக்கையின் சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் மரத்துப்போயின. வண்டியை விட்டிறங்கிக் கையை உதறினால் சரியாகிவிடும். பிறகு அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு மாலை வரை.

ஓர் ஞாயிறு காலை, கிளையூரிலிருந்து வேகமாய்த் திரும்பி, வியர்வையைத் துடைத்து, அங்கி அணிந்து, பங்குக் கோயிலில் இரண்டாம் திருப்பலிக்கு நின்றோம். கிண்ணத்தை உயர்த்துகையில் அதன் தண்டைச் சுற்றியிருந்த விரல்களில் இரண்டு அங்கே இல்லை. கண்ணுக்குத் தெரிகின்றன, உணர்வில் இல்லை. கிண்ணம் சற்றே சாய்ந்தது. இடக்கை விரைந்து தாங்கியதால் ஒரு துளியும் சிந்தவில்லை. மக்களில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அன்று மாலை வரை ஒருவரிடமும் நாம் சரியாகப் பேசவில்லை.

வாசகர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் தந்தையாருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. 1996ஆம் ஆண்டு, சந்திப்பு முடித்து இரவு வீடு திரும்பியவரின் செருப்பில் ஓர் ஆணி ஏறிப் பாதத்தையும் துளைத்திருந்தது. நம் தாயார் தரையில் இரத்தத் தடத்தைக் கண்டு கத்தியபோதுதான் அவருக்கே தெரிந்தது. பாதம் எப்போதோ உணர்விழந்திருந்தது. புண் ஆறவில்லை, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். 1998இல் நம் குருப்பட்டத் திருப்பலிக்கு ஊன்றுகோலுடன் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அந்த ஹெர்குலிஸ் வண்டி அவர் இறக்கும் வரை திண்ணைச் சுவரில் சாய்ந்தே நின்றது. விற்கவும் விடவில்லை, பிறர் ஏறவும் விடவில்லை. ஆகையால் விரல்கள் மரத்த அன்று, நமக்கு மிதிவண்டி நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது அந்த இரத்தத் தடம்.

இருபது நாள்கள் யாருக்கும் சொல்லவில்லை. மரணத்திற்கு ஆயத்தம் செய்யுமாறு பிறருக்கு எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். சொந்தச் சுண்டுவிரலைப் பற்றி மருத்துவரிடம் வாய் திறக்கத் துணிவு வரவில்லை. வண்டி ஓட்டுவதையும் நிறுத்தவில்லை. நோய் முற்றுகிறதென்றால் உழைப்பைக் கூட்டுவதுதான் வழி என்று தவறாய்க் கணக்கிட்டு, தொலைவைக் கூட்டினோம். விரல்கள் இன்னும் மரத்தன.

முடிவில் சட்டைப் பொத்தானைப் போட இயலாமல் தடுமாறிய ஒரு காலையில் மருத்துவரிடம் சென்றோம். அவர் நம் பாதங்களைத்தான் முதலில் சோதித்தார். மெல்லிய இழையால் தொட்டார், அதிர்வுக் கவையை எலும்பில் வைத்தார். எல்லாம் தெரிந்தது. பிறகு, "சர்க்கரையால் வரும் மரப்பு பெரும்பாலும் இரண்டு பாதங்களில்தான் தொடங்கும், ஃபாதர். இது ஒரு கையில், அதுவும் சுண்டுவிரலும் பக்கத்து விரலில் பாதியும். புதிதாக என்ன செய்கிறீர்கள்?" என்றார். மிதிவண்டி என்றோம். அவர் சிரித்துவிட்டார். முழங்கையிலிருந்து இறங்கிவரும் அல்நார் என்னும் நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரமாக விரல்களுக்குள் புகுகிறது; கைப்பிடியில் இடைவிடாமல் அழுத்தும்போது அங்கே நசுங்குகிறது. மிதிவண்டிக்காரர்களுக்கு அறிமுகமான கோளாறு. நரம்பு மெல்லத்தான் தேறும், நான்கு வாரம் ஓய்வு கொடுங்கள், பிறகு வண்டியைச் சரிசெய்துகொண்டு ஏறுங்கள் என்றார். நாம் வெளியே வந்து மருத்துவமனை வாசலிலிருந்த வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றோம்.

நம் ஊர்க் கடைத்தெரு முனையில் மிதிவண்டி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அண்ணாச்சி என்றே அழைப்போம். புதிய வண்டியை அவரிடம் ஒருமுறைகூட நாம் காட்டவில்லை. இது அவருக்குத் தெரியாத சாதி வண்டி என்று நாமாகவே ஒதுக்கிவிட்டோம். ஓய்வு முடிந்ததும் அவரிடம்தான் கொண்டுபோனோம்.

வண்டியை நெடுநேரம் தொடாமல் பார்த்தார். "இது நான் கைவச்ச வண்டியில்ல சாமி. ஆனா ஆளு நம்ம ஆளுதான? ஏறி உக்காருங்க, சொவத்தப் பிடிச்சுக்கிட்டு பின்னால மிதிங்க" என்றார். பின்னால் போய் நின்றுகொண்டார். "இடுப்பு ஆடுது சாமி. கரகாட்டம் ஆடுத மாரி ஆடுது."

அவருக்குப் பெருக்கல் தேவைப்படவில்லை. குதிகாலை மிதிகட்டையின்மேல் வைக்கச் சொன்னார்; கட்டை அடியில் நிற்கும்போது கால் நேராக நீள வேண்டும், எட்டித் தொடக் கூடாது. அப்படி அமைத்துவிட்டால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் வேண்டிய அளவு தானே மடங்கியிருக்கும். இருக்கை இறங்கியது. வீட்டுக்கு வந்து அளந்தால் 70.5. வெறுங்காலோடு மீண்டும் அகராதியைப் பிடித்து அளந்தோம்: 80 சென்டிமீட்டர், பெருக்கினால் 70.6. அமெரிக்க வீரரும் அண்ணாச்சியும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனார்கள். காலணிதான் இடையில் புகுந்து இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பொய் சொல்லியிருந்தது.

அடுத்து இருக்கையின் சரிவு. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி இருக்கையின்மேல் வைத்து, குமிழி நடுவே நிற்கும்வரை மூக்கை உயர்த்தினார். பிறகு நூலில் ஒரு மரை கட்டித் தொங்கவிட்டு, மிதிகட்டைகள் தரைக்கு இணையாக இருக்கும்போது முன்காலின் முழங்கால் சிப்பிக்குக் கீழிருந்து நூல் எங்கே விழுகிறது என்று பார்த்தோம். மிதிகட்டையின் அச்சுக்கு நேராக விழுந்தால் நல்ல தொடக்கம் என்பது மருமகன் தொலைபேசியில் சொன்னது. அது வேதவாக்கு இல்லை, தொடக்கம் மட்டுமே என்றும் சேர்த்துச் சொன்னான். இருக்கையை ஒரு சென்டிமீட்டர் பின்னே தள்ளினோம்.

கைப்பிடியை உயர்த்துவதில்தான் சிக்கல். பழைய வண்டிகளில் நடுத்திருகைத் தளர்த்தித் தட்டினால் கைப்பிடி ஏறும், இறங்கும். இந்த வண்டியில் அப்படி இல்லை. கைப்பிடியைத் தாங்கும் துண்டு, முன்சக்கரக் கவையின் குழலைப் பக்கவாட்டில் இறுகக் கவ்வியிருக்கிறது. அதற்கு மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள வளையங்கள் உள்ளன. மேலேயுள்ள வளையங்களைக் கீழே மாற்றினால் கைப்பிடி உயரும். மருமகன் சொல்லச் சொல்ல, "சரி தம்பி, சரி தம்பி" என்று கேட்டுக்கொண்டே அண்ணாச்சி இரண்டு வளையங்களை மாற்றினார். பூட்டும்போது வரிசை முக்கியம்: முதலில் மேல்மூடித் திருகு, ஆட்டம் நீங்கும் அளவுக்கு மட்டும், அதன்பின் பக்கத் திருகுகள், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக. மேல்மூடித் திருகு கைப்பிடியைப் பூட்டுவதற்கானதென்று நினைத்து இறுக்குபவர்கள் பலர் உண்டாம். அண்ணாச்சி முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, கழுத்தில் இரண்டு விரல் வைத்து ஆட்டம் பார்த்தார். நாடி பார்ப்பதுபோல் இருந்தது. மருமகன் அப்போதுதான் அந்தச் சோதனையைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவர் செய்து முடித்திருந்தார். கடைசியாக, இருக்கைத் தண்டில் கறுப்பு நாடாவால் உயரத்தைக் குறியிட்டார்.

காற்றை 70க்குக் குறைத்தோம். நம் எடைக்கும் அந்த டயருக்கும் அது போதுமானது. சாலை திடீரென்று புதிதாய்ப் போட்டதுபோல் இருந்தது. கையை ஓரிடத்தில் வைக்காமல், மேற்குறுக்கிலும் பிரேக் பிடியின் தலையிலும் கீழ்வளைவிலும் சில நிமிடங்களுக்கொரு முறை மாற்றக் கற்றோம். முழங்கையைச் சற்று மடித்தே வைத்திருக்க வேண்டும். கடினமான கியரில் ஊன்றி மிதிக்கும் பழக்கத்தை விடத்தான் நெடுநாளாயிற்று. தந்தையாரின் வண்டியில் ஊன்றித்தான் மிதிக்க முடியும், வேறு வழியில்லை. மெத்தை தைத்த அரைக்கால்சட்டையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அதை அங்கிக்குள் அணிந்து திருப்பலி வைத்ததும் உண்டு என்று மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

ஓய்விலிருந்த வாரங்களில் ஜீனோ பார்தாலியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். பிளாரன்சு நகரை அடுத்த சிற்றூரில் 1914இல் பிறந்தவர், பிரான்சுப் பெரும் பந்தயத்தை 1938இலும், பத்தாண்டு கழித்து 1948இலும் வென்றவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். 1943, 1944ஆம் ஆண்டுகளில் யூத மக்களைக் காப்பதற்கான போலி அடையாளத் தாள்களைத் தம் மிதிவண்டியின் குழல்களுக்குள் ஒளித்துக்கொண்டு, பயிற்சி செய்பவர்போல் பிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடையே ஓட்டினார் என்பர். எருசலேமின் யாட் வாசெம் நிறுவனம் 2013இல் அவரை நேர்மையாளர் வரிசையில் சேர்த்தது. வழியில் படைவீரர்கள் நிறுத்தும்போதெல்லாம், வண்டியைத் தொடாதீர்கள், ஒவ்வொரு பாகமும் என் உடலுக்கென்று அளந்து பூட்டியது, கலைந்தால் ஓட்ட முடியாது என்று கேட்டுக்கொள்வாராம். இதைப் படித்தபோது நாம் சிரித்தோம். இருக்கையைச் சரிசெய்த பிறகு நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. எந்த வீரனும் அதை நம்பியிருப்பான். கோமோ ஏரிக்கு மேலேயுள்ள கிசால்லோ குன்றின் சிற்றாலயத்து அன்னையை, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949இல் மிதிவண்டிக்காரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார் என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

புரட்டாசி பிறந்தபின் மேல்காற்று தணிந்தது. அதிகாலையில் கிளையூருக்குச் சென்று திரும்பி, பங்குக் கோயிலில் திருப்பலிக்கு நின்ற ஒரு வெள்ளிக்கிழமை, கிண்ணத்தின் தண்டிலுள்ள திராட்சைக்கொடி வேலைப்பாட்டின் மேடுபள்ளம் சுண்டுவிரலுக்குத் தெரிந்தது. பக்கத்து விரலுக்கு வர இன்னும் ஒரு வாரமாயிற்று. தீபாவளிக்கு முன் எடுத்த பரிசோதனையில் அந்த எண் 7.1. மருத்துவர், இன்னும் குறைய வேண்டும் என்றார்.

அண்ணாச்சி கூலி வாங்கவில்லை. எவ்வளவு வற்புறுத்தியும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அவர் நம்மைவிடக் குள்ளம். இருக்கையை இறக்கலாம் என்றோம், குறியைக் கலைக்க வேண்டாம் என்று மறுத்துவிட்டார். மிதிகட்டையை எட்டி எட்டித் தொட்டபடி, இடுப்பு ஆட, கோயில் முற்றத்தை மெதுவாய் ஒருமுறை சுற்றி வந்தார். இறங்கியதும், "குனிஞ்சு ஓட்டதுக்கு நமக்கு ஆவாது சாமி" என்றார். பிறகு பழக்கம் விடாமல் பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "காத்து கொஞ்சம் கொறைவா இருக்கு" என்றார். நாம் பம்பை எடுத்துவர உள்ளே போனோம்.